காரைக்குடியில் மின்வேதியியல்

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டாரின் செல்வம் கோயில் திருப்பணிகளுக்குச் சென்றதை யாவரும் அறிவர். அந்நாட்டுச் செல்வம் ஆய்வுக்கூடத்துக்கும் சென்றதே புதுமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 சூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைத் திறந்துவைத்தார்.

வானம் பார்த்த பூமிக்கு மின்வேதியியல் எதற்கு என ஐயுறலாம். விடை அருகிலிருந்த கடலில் இருந்தது. மண்டபத்தின் உப்புக்காற்றில் உலோகங்களை வைத்து, அவை அரிக்கப்படும் விதத்தை அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். துருப்பிடித்தலும் மின்வேதி வினையே: இரும்பு இழக்கும் எலெக்ட்ரான்களை ஈரத்தில் கரைந்த உயிர்வளி ஏற்கிறது. துத்தநாகத்தை இணைத்தால், அது முந்திக் கரைந்து இரும்பைக் காக்கும். சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வரும் எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும் இதன்பொருட்டே.