கலயத்துச் சுண்ணாம்பு

திருப்பூர் பின்னலாடையால் உலகப் பிரசித்தி அடைவதற்கு வெகுகாலம் முன்பே, பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பனை நின்றது. பாளையைச் சீவிக் கலயம் கட்டியவன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனீரும், தடவாது விட்டால் கள்ளும் இறக்கினான் என்பதே இந்நாட்டு மதுவின் சரித்திரத்துக்கெல்லாம் ஆதாரமான சங்கதி.

சுண்ணாம்பு இல்லாத கலயத்தில், காற்றில் வந்தவையும் பழைய கலயத்தில் ஒட்டியிருந்தவையுமான ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன. பெல்ஜியம் தேசத்தில், பிரஸ்ஸல்ஸை அடுத்த சென் நதிப் பள்ளத்தாக்கில், லாம்பிக் என்னும் பீரையும் இவ்வாறு காற்றை நம்பியே புளிக்க வைக்கிறார்கள். ஆனால் அத்தேசத்தார் கருகக் காய்ச்சிய சர்க்கரையும், சில வேளை கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து வடிக்கும் கரிய ஏல் பீர் வகைகளில் சில, புட்டியில் வருஷக்கணக்கில் முதிர வல்லவை. நிறம், நுரை, வாசனை, பின்சுவை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல ரசிகனுக்கு அவகாசம் உண்டு. கள்ளுக்கு அது கிடையாது. விடியலில் இறக்கியதில் தித்திப்பு மேலோங்கும்; வெயில் ஏற ஏறப் புளிப்பு கூடி, அந்தியில் வேகமும் காட்டமும் மிகுந்து, மறுநாள் காடியாகத் தொடங்கிவிடும். ஆகையால் கள்ளைச் சுவைத்து மதிப்பிடுகிறவன் பொழுதையே மதிப்பிடுகிறான். பதனீருக்கும் பரீட்சை உண்டு: சுண்ணாம்பு குறைந்தால் கருப்பட்டி இறுகாமல் இளகி நிற்கும், மிகுந்தால் ருசி கெடும்.

கள் தென்னையிலும் இறங்கும்; ஒத்துழையாமைக் காலத்தில் ஈரோட்டுப் பெரியார் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்பிலிருந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1921-ல் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மையாரும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றனர். அந்தத் தியாகத்தின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் குற்றம் மரத்தினுடையதன்று என்று எந்தப் பனையேறியும் சொல்லியிருப்பான். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியபின், நாக்கு சொல்லிவந்த தீர்ப்பைச் சர்க்கார் சொல்லலாயிற்று: சுண்ணாம்பு கண்ட கலயம் தொழில், காணாதது குற்றம். 1971-ல் விலக்குத் தளர்ந்தது; கள்ளுக்கடைகள் 1973-ல் மூடப்பட்டு, 1981-ல் திறக்கப்பட்டு, 1987 ஜனவரி 1-ல் மறுபடி மூடப்பட்டன. பிராந்தியும் பீரும் சர்க்கார் கடையிலேயே கிடைக்க, நாட்டுக் கள்ளுக்கு மட்டும் விலக்கு என்பது எனக்கு விளங்காத நியாயம்.

ஆனால் பொள்ளாச்சியைக் கடந்து கேரளத்துப் பாலக்காட்டுச் சித்தூருக்குப் போனால், தென்னையின் கள் உரிமம் பெற்ற கடையில் பகிரங்கமாக விற்கிறது; அம்மாநிலத்தின் பிற ஜில்லாக்களுக்கும் அங்கிருந்தே வண்டியேறுகிறது.