பொதுவில் கட்டிய களங்கள்

ஒரு படைப்பு பொதுச்சொத்தாகிவிட்டால் அதற்கு அழிவில்லை என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. எழுத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். கணினி விளையாட்டுகளுக்கு அது பொருந்துமா? துப்பாக்கி ஏந்தியவனின் கண்வழியே களத்தைக் காட்டும் சுடும் விளையாட்டுகளைத் தன்னார்வலர்கள் கட்டியெழுப்பிய வரலாறு, இக்கேள்விக்குச் சற்றே சங்கடமான விடையைத் தருகிறது.

அவ்வரலாறு ஒரு கொடையில் தொடங்கியது. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம், தான் 1993இல் வெளியிட்ட டூம் விளையாட்டின் மூலநிரலை 1997 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பின்னர் 1999இல் குவேக், 2001இல் குவேக் 2, 2005 ஆகஸ்டில் குவேக் 3 ஆகியவற்றின் நிரல்கள் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்தன. இக்கொடைக்கு முன்னின்றவர் அந்நிறுவனத்தின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக்.

கொடுக்கப்பட்டது நிரல் மட்டுமே. உருவங்கள், ஓசைகள், களங்கள் ஆகியவற்றின் பதிப்புரிமை நிறுவனத்திடமே இருந்தது. அவற்றைத் தன்னார்வலர்கள் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது, ஆக்கவும் செய்தார்கள். குவேக் நிரலிலிருந்து கிளைத்த டார்க்பிளேசஸின்மேல் எழுந்த நெக்சுயிஸ் 2005 மே மாதம் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குவேக் 3 நிரல் கிடைத்த கையோடு ஓப்பன் அரீனா பிறந்தது. ஐடியின் நிரலைச் சாராத சாவர்பிராட்டனில், பலர் ஒன்றுகூடி விளையாட்டுக்குள் நின்றபடியே சுவர் எழுப்பவும் தரை தோண்டவும் முடிந்தது. ஊர்கூடித் தேர் இழுத்த காலம் அது எனலாம்.

தேர் ஏன் நின்றது? முதற்காரணம் இந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. நிரலில் ஒருவர் செய்த பிழையை வேறொருவர் பத்து வரிகளில் திருத்திவிடலாம். ஓவியமும் சிற்பமும் அப்படியல்ல. பல கைகள் தனித்தனியே செய்த உருவங்களை ஓரிடத்தில் நிறுத்தினால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. இரண்டாவது காரணம் சந்தை. 2009இல் குவேக் லைவ் இலவசமாக வந்தது. 2011 ஜூனில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 இலவசமாயிற்று. காசில்லாமல் ஆட வேண்டுமென்று மட்டுமே வந்தவர்களுக்கு வேறு வாசல்கள் திறந்தன. ஊற்றும் வற்றியது. 2011 நவம்பரில் டூம் 3 நிரல் வெளியானது. அதற்கு அடுத்த தலைமுறையான ரேஜ் விளையாட்டின் நிரல் வெளிவரவேயில்லை. கார்மாக் 2013இல் நிறுவனத்தை விட்டு விலகினார்.

இவற்றினும் ஆழமான காயம் நெக்சுயிஸில் நேர்ந்தது. 2010 மார்ச்சில் அதன் நிறுவனர்கள், அப்பெயரில் வணிக விளையாட்டு ஒன்றை உருவாக்கும் உரிமையை இல்ஃபானிக் நிறுவனத்துக்கு அளித்தனர். ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைத்த பலர் மனம் கசந்து வெளியேறி, நிரலை எடுத்துக்கொண்டு ஸோனாடிக் என்ற புதிய பெயரில் தொடர்ந்தனர். உரிமம் நிரலைக் காத்தது. ஊர் அறிந்த பெயரை அதனால் காக்க இயலவில்லை. வணிக நெக்சுயிஸ் 2012இல் வந்தது. அதை வெளியிட்ட டிஎச்க்யூ அவ்வாண்டு டிசம்பரிலேயே திவால் மனு அளித்தது.

ஓப்பன் அரீனாவின் 0.8.8 பதிப்பு 2012இல் வந்ததோடு சரி. ஸோனாடிக்கில் 2017க்கும் 2022க்கும் இடையே புதுப்பதிப்பே இல்லை. 2023 ஜூனில் 0.8.6 வந்தது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்த டூமுக்கு ஆர்வலர்கள் இன்றும் புதுக்களங்களை ஆக்கிக் குவிக்கிறார்கள். காரணம் எளிது: டூமைத் தனியொருவர் ஆடலாம். மற்றவை எதிராளி இல்லாமல் உயிர்பெறுவதில்லை. கூத்துக் களரிக்கு வெறும் கதை போதாது; விடியும்வரை உட்கார்ந்திருக்கும் சனம் வேண்டும்.

நிரல் இன்றும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி அங்கேயே கிடக்கிறது. பத்துப் பேர் ஒரே இரவில் கூடினால் களம் மறுபடியும் உயிர்க்கும். எதைப் பொதுவாக்கினோம் என்பதில் நாம் காட்டிய அக்கறையை, யாரோடு சேர்ந்து ஆடினோம் என்பதில் காட்டினோமா? திறமூலம் நமக்குப் பொருளை அளித்தது. கூட்டத்தைக் காக்கும் உரிமம் எதுவும் இன்னும் எழுதப்படவில்லை.