நேரமில்லாதவர்களின் நீச்சல்: ஒரு சிறு வரலாறு



சனிக்கிழமைக் காலைகளில் நம் நீச்சல் வளாகங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பிள்ளைகள் நீரில் இருப்பர். பெற்றோர் துண்டையும் தண்ணீர்ப் புட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் அமர்ந்திருப்பர். "நீங்களும் இறங்கலாமே" என்று ஒரு மாணவனின் தந்தையிடம் கூறினேன். "நேரம் எங்கே ஆசிரியரே?" என்றார். பிள்ளைகளின் வகுப்போ முக்கால் மணி நேரம். அந்த நேரம் முழுவதும் அவர் அங்கேதான் அமர்ந்திருந்தார். நானும் பல்லாண்டுகள் அதே விடையைக் கூறியவன்தான். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. எனினும், முக்கால் மணி நேரத்தில் என்ன செய்ய இயலும் என்ற கேள்விக்கு விளையாட்டு வரலாற்றில் விடை உண்டு.

போட்டி நீச்சல் நெடுங்காலம் இளையோருக்கே உரியதாக இருந்தது. கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் நீந்துவதை விட்டுவிடுவர். அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ரான்சம் ஆர்தர் இந்நிலையை மாற்ற விழைந்தார். வெறுமனே "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் எவரும் தொடர்ந்து செய்யமாட்டார். முன்னே ஒரு போட்டி நாள் இருந்தால் செய்வர் என்பது அவர் கருத்து. நீச்சல் பயிற்றுநர் சங்கத்தின் தலைவராக இருந்த ஜான் ஸ்பானத் அதனை ஏற்றார். 1970ஆம் ஆண்டு மே மாதம் டெக்சஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி நடந்தது. 25 வயதைக் கடந்தவர்கள் பங்கேற்றனர். வந்தவர்கள் 46 பேர் மட்டுமே. நம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கே இதைவிடக் கூட்டம் வரும்!

போட்டி கிடைத்துவிட்டது. வேலையும் குடும்பமும் உள்ளவர் எப்படிப் பயில்வது? இதற்கான விடை குளத்தில் பிறக்கவில்லை, ஓடுதளத்தில் பிறந்தது.

1930களில் ஜெர்மானியப் பயிற்றுநர் வோல்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹான்ஸ் ரைன்டெலும் இடைவெளிப் பயிற்சியை ஒழுங்குபடுத்தினர். குறுகிய தொலைவை விரைந்து ஓட வேண்டும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை உயரும். பின்னர் அது 120 அளவுக்குத் தணியும்வரை இளைப்பாறி, மீண்டும் ஓட வேண்டும். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடினார். அச்சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது. பின்னர் மருத்துவ மாணவர் ரோஜர் பேனிஸ்டர், மதிய உணவு வேளையில் கிடைத்த ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இம்முறையிலேயே பயின்றார். கால் மைலைப் பத்து முறை ஓடுவார். இடையிடையே 2 நிமிட ஓய்வு. 1954 மே 6ஆம் நாள் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவரே.

இம்முறையை நீச்சலில் வேரூன்றச் செய்தவர்களுள் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஜேம்ஸ் கவுன்சில்மேன் முக்கியமானவர். குளத்தங்கரையில் நொடிமுள் சுழலும் பெரிய கடிகாரம் பரவியதிலும் அவருக்குப் பங்குண்டு. 100 மீட்டரை 2 நிமிடத்தில் நீந்தும் ஒருவர், 20 நொடி ஓய்வுடன் அதைப் பத்து முறை செய்தால் 23 நிமிடத்தில் 1,000 மீட்டர் முடியும். இடைவிடாமல் நீந்தினாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். ஆனால் களைப்பு மேலிட மேலிட வேகம் குன்றும், கைவீச்சும் சிதையும். "நூறு முறை எழுது" என்று நாம் கொடுக்கும் தண்டனை நினைவுக்கு வருகிறது. இறுதி வரிகளின் கையெழுத்தை நாம் அறியாததா?

கவுன்சில்மேன் நீருக்கடியில் படம்பிடித்து வீரர்களின் அசைவுகளை ஆராய்ந்தார்; 1968இல் நீச்சலின் அறிவியல் பற்றி நூலும் எழுதினார். நீச்சலில் நுட்பம் ஏன் இத்துணை முக்கியம்? நீரின் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது. தேவைப்படும் ஆற்றலோ மும்மடிக்கேற்ப வளர்கிறது. பத்து விழுக்காடு வேகம் கூட்ட ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதல் ஆற்றல் வேண்டும். நேரமில்லாதவருக்கு அந்த ஆற்றலைச் சேர்ப்பது கடினம். தலையைத் தாழ்த்தி, இடுப்பை நீர்மட்டத்துக்கு உயர்த்தித் தடையைக் குறைப்பது எளிது.

1979 செப்டம்பர் 14ஆம் நாள், தமது 58ஆம் வயதில், அவரே ஆங்கிலக் கால்வாயை 13 மணி 7 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அன்றுவரை அதைக் கடந்தவர்களுள் அவரே மூத்தவர். பிறருக்குக் கற்பித்ததைத் தாமும் செய்துகாட்டியதால் இவர்மீது எனக்குத் தனி மதிப்பு.

முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி 1986இல் தோக்கியோவில் நடந்தது. 2006இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்தபோது, பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆன டாரா டோரஸ் அதில் நீந்தினார். ஈராண்டுகளில், 41ஆம் வயதில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளிப் பதக்கங்களை வென்றார். 50 மீட்டரில் தங்கத்தை இழந்தது 0.01 நொடியில்! வாரத்துக்கு ஐந்து நாள் மட்டுமே குளத்தில் பயின்று, எஞ்சிய உழைப்பைத் தரைப் பயிற்சியில் செலுத்தினார். அவருக்குப் பயிற்றுநர் குழுவே இருந்தது. நமக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2025ஆம் ஆண்டின் உலக மாஸ்டர்ஸ் போட்டி சிங்கப்பூரிலேயே நடந்தது. 25 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள். தொடர் நீச்சலில் நால்வரின் வயதையும் கூட்டிப் பிரிப்பர்.

அந்தத் தந்தையிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். "கதை நன்று, ஆசிரியரே. நீங்கள் இறங்கினால் நானும் இறங்குகிறேன்" என்றார். மறுவாரம் இருவரும் இறங்கினோம். 50 மீட்டர் நான்கு முறை. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு நிமிட ஓய்வு. மூன்றாவதிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அடுத்த தடத்திலிருந்து அவருடைய மகன் எங்களை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.