அல்சூர் ஏரியும் ஒரு வண்ண வட்டமும்

சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடலாம். நம் தமிழ்ச் சங்கமும், 1991 முதல் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அந்த ஏரியை ஒட்டித்தான் இருக்கின்றன. இந்த ஏரியின் பெயர் 1863-இல் லண்டனில் அச்சான ஓர் அறிக்கையில் ஏறியது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஏறியது பெருமைக்காக அல்ல, அழுக்குக்காக!

எழுதியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கை விளக்கோடு நிற்கும் தாதியாகத்தான் பள்ளிப் புத்தகம் அவரை நமக்குக் காட்டியது. ஆனால் அவர் கணக்குப் புலி. 1858-இல் இங்கிலாந்தின் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண்மணி அவரே. கிரிமியப் போரில் சிப்பாய்கள் குண்டடி பட்டுச் செத்ததைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயில் செத்ததே அதிகம் என்று மந்திரிகளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. எண் பட்டியலை மந்திரி படிப்பாரா? படிக்கமாட்டார். அதனால் படம் போட்டார்.

ஒரு வட்டம், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துண்டுகள். நீலம் என்றால் தடுக்கக்கூடிய நோய், சிவப்பு என்றால் போர்க்காயம், கறுப்பு என்றால் மற்றவை. 1855 ஜனவரித் துண்டில் நீலம் பக்கத்தையே விழுங்குகிறது. பக்கத்தில் அடுத்த ஆண்டின் வட்டம். சுகாதார வேலை நடந்தபின் நீலம் சுருங்கிவிட்டது. இரண்டையும் ஒரு புள்ளிக்கோடு இணைக்கிறது. கண் அந்தக் கோட்டில் நடக்கும்போது படம் தானாக ஓடுகிறது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் அசையும் தகவல் படம் என்று சொல்கிறோமே, அதன் பாட்டி இதுதான் எனலாம்.

முதலில் அவர் போட்ட படத்தில் ஒரு பிசகு இருந்தது. எண்ணுக்கு ஏற்றபடி ஆரத்தின் நீளத்தை வைத்துவிட்டார். கண்ணோ நீளத்தைப் பார்க்காது, பரப்பைத்தான் பார்க்கும். ஆரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடுமே! அதனால் சாவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தன் கட்சிக்குச் சாதகமான தவறுதானே என்று அவர் விட்டுவிடவில்லை, பரப்பைக் கொண்டே திருத்திப் போட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

பிறகு இந்தியா. 1859-இல் அமைந்த ராணுவச் சுகாதாரக் கமிஷனுக்கு ஒவ்வொரு தண்டிலிருந்தும் பதில் போனது. ஆயிரம் வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுக்கு 69 பேர் சாகிறார்கள் என்று கணக்கு வந்தது. நைட்டிங்கேல் அதை மாற்றிச் சொன்னார்: ஒவ்வொரு ரெஜிமெண்டிலும் இருபது மாதத்துக்கு ஒரு கம்பெனியே காலி. கணக்கு ஒன்றுதான். ஆனால் படைத்தலைவனுக்குப் பழகிய அளவில் சொன்னதும் உறைக்கிறது. தண்ணீர் சுமப்பவர், வடிகால் என்று மரச்செதுக்குப் படங்களையும் தம் குறிப்புகளில் சேர்த்தார்.

பெங்களூரைப் பற்றி அதில் சொல்லியிருப்பது இது: சுமார் 1,25,000 பேர் வாழ்வதாக மதிப்பிட்ட பஜாரின் நெரிசலான பகுதிக் கழிவு முழுவதும் அல்சூர் ஏரியில் விழுகிறது, அதையே குடிக்கிறார்கள். பஜார் என்றால் யார்? தண்டோடு வந்து, பிளாக்பள்ளி என்று அன்று பெயர் பெற்ற இந்தச் சிவாஜிநகரிலும் சுற்றிலும் குடியேறிய நம் பாட்டன் பூட்டன்மாரும் அதில் அடக்கம்.

பலன் வந்தது. 1864-இல் மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பத்தாண்டுக்குள் 69 என்பது 18 ஆகக் குறைந்ததாக அவரே எழுதினார். தண்டின் தண்ணீருக்காக 1882-இல் சாங்கி ஏரி கட்டப்பட்டது. ஆனாலும் 1898-இல் பிளேக் வந்தபோது நெருக்கமான தெருக்கள்தான் அதிகம் அடிபட்டன.

இப்போது நம் பிள்ளைகள் கதைக்கு வருவோம். வீட்டுக்கு ஒருவர் சாப்ட்வேரில் இருக்கிறார். 2020-இல் கொரோனா வந்தபோது எல்லோரும் வார்டு வரைபடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். முதலில் எதைத் தேடினோம்? நம் தெருவைத்தான். தொட்டால் திறக்கும் படத்தின் பலமே அது: ஊரைக் காட்டு, நெருங்க விடு, கேட்டால் விவரம் கொடு. பென் ஷ்னைடர்மன் என்ற அறிஞர் 1996-இல் சொன்ன வரிசை இதுவே. ரசல் மார்க்கெட்டுக்குள் நுழைகிறவன் முதலில் கடைவரிசையைப் பார்க்கிறான், பிறகுதான் விலை கேட்கிறான், இல்லையா?

ஆபத்தும் அதிலேயே உண்டு. ஜனத்தொகையால் வகுக்காமல் வெறும் எண்ணிக்கைக்குச் சிவப்புப் பூசினால், நெருக்கமான வார்டு எப்போதும் குற்றவாளியாகத்தான் தெரியும். அசையும் படத்திலோ போன காட்சி கண்ணை விட்டு மறைந்துவிடும். நிறுத்தவும் பின்னால் போகவும் பொத்தான் வேண்டும், பழைய நிலையின் நிழலாவது திரையில் தங்க வேண்டும். நைட்டிங்கேல் இரு வட்டங்களையும் ஒரே தாளில் வைத்த காரணம் இப்போது விளங்குகிறதா?

நம் இளைஞர்கள் யாராவது தண்டின் தண்ணீர்க் கதையை இப்படி ஒரு படமாகச் செய்தால் நன்றாயிருக்கும், தமிழிலும் கன்னடத்திலும். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். அந்த 69, வெள்ளைச் சிப்பாயின் கணக்கு. ஏரியில் கழிவு விட்டவர்களாகப் பஜார் ஜனங்கள் அறிக்கையில் வருகிறார்கள், அதே தண்ணீரைக் குடித்துச் செத்தவர்களாக அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்களுக்கு உரிய துண்டை நிறம் தீட்டாமல், வெறும் கோடாக விட்டுவைக்கலாம். தொட்டால் "எண்ணப்படவில்லை" என்று எழுத்து வரட்டும்.