தொரோ: இடப ராசியின் பிரெஞ்சுப் பெயர்

இடப ராசிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் நாமம் தொரோ என்பது. காளையைக் குறித்த தௌருஸ் என்னும் லத்தீன் சொல், பழைய பிரெஞ்சில் ‘தோர்’ எனக் குறுகி, சிறுமைப் பொருள் தரும் விகுதியொன்று சேர்ந்து ‘தோரெல்’ என நீண்டு, அவ்விகுதியின் லகரம் நாளடைவில் உயிரொலியாய்க் கரைந்தமையால் இன்றைய வடிவத்தை எய்திற்று. எழுத்தில் மட்டும் லத்தீன் மூலத்தின் சாயல் மீண்டும் புகுந்தது. கன்றுக்கு ஏற்ற விகுதியைச் சுமந்துகொண்டே மதர்த்த காளையைக் குறிப்பது இச்சொல்லின் விசேஷம்.

லத்தீன் சொல்லுக்கு உடன்பிறப்பு கிரேக்கத் தௌரோஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, 48 விண்மீன் மண்டலங்களை விவரித்த தம் வானநூலில் இப்பெயரையே ஆண்டார். அவரே தம் பூகோள நூலில் தமிழகத்தின் தென்கோடியிலிருந்த ஆய் நாட்டையும் குறித்துச் சென்றார் என்பது, தென்காசியை அடுத்த ஆய்க்குடியினர் உவந்து கேட்கத்தக்க செய்தி. ஏனெனில், புறநானூற்றில் முடமோசியார் போற்றும் ஆய் அண்டிரனது ஊர் இதுவே என்று கொள்வர்.

கிரேக்கப் பெயர் பாரத தேசத்திற்கும் வந்து சேர்ந்தது. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர், பிருகஜ்ஜாதகத்தில் யவனர் வழிவந்த ராசிப் பெயர்களை அடுக்குமிடத்து, இடபத்தைத் ‘தாவுரி’ என்கின்றார். ஆகவே தொரோவும் தாவுரியும் ஒரே குடியிற் பிறந்தவை. முன்னது பாரிஸ் நகரத்து அன்றாடப் பேச்சில் வாழ, பின்னது ஏட்டோடு நின்றுவிட்டது. தமிழர் அவ்வொலியை ஏலாமல் பொருளை மட்டும் கொண்டனர்: பரிபாடலின் 11ஆம் பாட்டு இவ்விராசியை ஏறு என்னும் பெயராலேயே சுட்டுகின்றது, நம் பஞ்சாங்கங்கள் ரிஷபம் என்கின்றன.

கார்த்திகை நட்சத்திரத்தின் நான்கு பாதங்களில் மூன்று இவ்விராசிக்கு உரியவை. அம்மீன்களே பாலூட்டி வளர்த்ததாகப் புராணம் கூறும் முருகன், ஆய்க்குடியில் அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணியராகக் கோயில் கொண்டுள்ளான். கார்த்திகை மாதத்து இரவின் முற்பொழுதில், மேற்கே மலைத்தொடர் இருளில் ஆழ்ந்திருக்க, அந்நதிக்கரையில் நின்று கீழ்வானை நோக்குவோர்க்கு, முதலில் ஒரு கைப்பிடி மணிகளைக் கொட்டினாற்போன்ற கார்த்திகைக் கூட்டமும், அதற்குக் கீழே, சற்றுப் பின்னராக எழுந்த, செந்நிற ரோகிணியும் புலப்படும். அந்த ரோகிணியே கிரேக்கர் கண்ட தௌரோஸின் கண்.