எச்.பி.வி.: ஒரு ரிப்போர்ட்டும் கொஞ்சம் சரித்திரமும்



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கல்யாணமாகி 22 வருஷம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். சேலத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ததில் 'எச்.பி.வி. பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது.

"உடலுறவுல பரவுற வைரஸாமுங்க டீச்சர். எனக்கு அவரை விட்டா வேற யாரையும் தெரியாது. அப்ப அவருதானுங்களே? துணிமணி எல்லாம் எடுத்து வச்சுட்டேன், அம்மா ஊட்டுக்குப் போறேன்" என்று அழுதாள். பெயர் போடாமல் இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். பிறகு பல வருஷம் நாமக்கல் பெயரும் லாரித் தொழிலும் அந்த நோயோடு சேர்த்தே பேசப்பட்டன. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இவள். ஆனால் எச்.பி.வி. வேறு வைரஸ். அதன் சரித்திரமும் வேறு.

1842இல் ரிகோனி ஸ்டெர்ன் என்ற இத்தாலிய மருத்துவர் வெரோனா நகரத்தின் பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் அதிகமாகவும் கன்னியாஸ்திரீகளிடம் மிகக் குறைவாகவும் இருப்பதைக் கண்டார். காரணம் தெரிய 140 வருஷம் ஆனது. 1980களில் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் கருப்பைவாய்ப் புற்றில் எச்.பி.வி. 16, 18 என்ற இரு வகைகளைக் கண்டுபிடித்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார்.

தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இந்த வைரஸ் என்றாவது ஒருமுறை வந்து போகிறது. வந்ததே தெரியாது. அநேகமாக ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை அடக்கிவிடும். சிலரிடம் பல வருஷம் ஒளிந்திருந்து பிறகு வெளிப்படும்.

அவளிடம் சொன்னேன்: "கண்ணு, வருஷம் போடாத கல்வெட்டைப் பார்த்து, இந்த ராஜா காலத்தது என்று அடித்துச் சொல்லக் கூடாதுன்னு உனக்குப் பாடம் நடத்தியிருக்கேன். இந்த ரிப்போர்ட்டும் அப்படித்தான். வைரஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. எப்போது வந்தது என்று சொல்லவில்லை. போன வருஷமாகவும் இருக்கலாம், உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு வந்ததாகவும் இருக்கலாம். இதை வைத்து அவரைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியதை அவரிடமே கேள். முதலில் உன் உடம்பைப் பார்."

உடம்பைப் பார்ப்பதால் என்ன பலன் என்பதற்கு சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2000இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாகத் தெரியும் இடத்தைப் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு சிகிச்சை தந்தார்கள். செய்தது ஒரே ஒரு முறைதான். 2007இல் முடிவு வெளியானபோது, பரிசோதனை செய்த கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் எச்.பி.வி. பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததில் மரணம் ஏறக்குறைய பாதியானது. அந்த முடிவு 2009இல் வந்தது.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம்.

அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. லோடு இறக்கிவிட்டு வந்தவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லையாம். மூன்றாம் நாள் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். செல்களில் மாற்றம் இல்லை, ஒரு வருஷம் கழித்து மறுபடி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குள் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. அது அவர்கள் பாடு.

30 வயது தாண்டிய என் மாணவிகளே, ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மாணவர்களே, மனைவியோடு நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்