தீர்ப்பு சொன்னவர் யார்?

மலேசியத் தமிழ் வீடுகளுக்குள் சன் டிவி ஆஸ்ட்ரோ வழியாகத்தான் வந்தது. கூடவே 'டாப் டென் மூவிஸ்'. நான் வளர்ந்த ஸ்ரீ கெம்பாங்கான் அடுக்குமாடியில் எந்தப் படத்துக்குக் கோலிசியம் தியேட்டர் போகலாம், எதைப் பாசார் மாலாம் விசிடியில் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தது அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிதான்.

ஒரு தொகுப்பாளர், சில துண்டுக் காட்சிகள், கடைசியில் படத்தின் பெயரை வைத்தே ஒரு சிலேடை. அவ்வளவுதான் விமர்சனம். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனாலும் பெரிய நடிகரின் படத்தைச் 'சுமார்' என்று சொல்லும் தைரியம் அதற்குச் சில நேரம் இருந்தது. என் குறை வேறு. அந்தத் தீர்ப்பு யாருடையது? தொகுப்பாளர் வாசிக்கிறார், எழுதியவர் யார் என்று யாருக்குமே தெரியாது.

2008-இல் சன் பிக்சர்ஸ் 'காதலில் விழுந்தேன்' படத்தோடு விநியோகத்தில் இறங்கியது. பிறகு பட்டியலைப் பற்றி ஊரெல்லாம் கிண்டல். "முதல் இடம் யாருக்குன்னு பாக்கவே வேணாம்லா" என்று அப்பா சேனலை மாத்திடுவார். நான் வேலை பார்க்கும் துறையில், கட்டிய குத்தகையாளரே சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. இங்கே அதுதான் நடந்தது. மற்ற சேனல்களும் தப்பவில்லை. கோடிகள் கொடுத்துச் சாட்டிலைட் உரிமை வாங்கிய படத்தை, தீபாவளிக்குப் போடப்போகிற படத்தை, எந்த சேனல் மோசம் என்று சொல்லும்?

ஜெயா டிவியில் 'ஹாசினி பேசும் படம்' வந்தபோது கருத்துக்கு ஒரு முகமாவது கிடைத்தது. சுஹாசினியோடு மனசுக்குள் சண்டை போடலாம். மணிரத்னம் படம் வந்தால் என்ன செய்வார் என்றும் கேட்கலாம். பெயர் இருப்பதன் லாபமே அந்தக் கேள்விதான்.

முதலாளி படம் எடுப்பவராக இருந்தாலே விமர்சனம் செத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சிகாகோவில் 1975-இல் ஒன்றாகத் திரைக்கு வந்த ஜீன் சிஸ்கலும் ரோஜர் ஈபர்ட்டும் போட்டிப் பத்திரிகைக்காரர்கள். 1986 முதல் அவர்கள் நிகழ்ச்சியை விநியோகித்தது டிஸ்னியின் கிளை நிறுவனம். சிஸ்கல் 1999-இல் இறந்தார். அப்புறமும் ஈபர்ட் அடங்கவில்லை; 2001-இல் டிஸ்னி வெளியிட்ட 'பேர்ல் ஹார்பர்' படத்தைக் கிழித்தார். அவருக்குப் பத்திரிகை வேலை தனியாக இருந்தது, பெயரும் அவருடையது. அதே 2008-இல் டிஸ்னி நிகழ்ச்சியை மாற்ற நினைத்தது, ஈபர்ட் விலகினார். 2010-இல் நிகழ்ச்சியே நின்றுபோனது.

இப்போது தமிழ் சேனல்களில் படம் வருகிற வாரம் நடிகர்கள் வந்து உட்கார்ந்து சிரிக்கிறார்கள். விமர்சனம் யூடியூபுக்குப் போய்விட்டது. ப்ளூ சட்டை மாறனின் பேச்சு எனக்குப் பிடிக்காது, பல சமயம் வெறும் வசவு. ஆனால் திட்டுவது யார் என்று தெரிகிறது. அவரே 'ஆன்டி இண்டியன்' எடுத்து மற்றவர்களிடம் வாங்கியும் கட்டிக்கொண்டார்.

2024 இறுதியில் தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி மூன்று நாள் விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மூன்று நாள் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு. பெரிய படம் வசூலை அள்ளும் நாட்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.